ஸ்டெம் செல் சிகிச்சைக்காக வெளிநாடு: டிக்கெட் எடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவர் கைவிரித்த பிறகுதான் பெரும்பாலான குடும்பங்களில் இந்தத் தேடல் தொடங்குகிறது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மகன், ஐந்து வயதாகியும் பேச்சு வராத பேத்தி, நாளுக்கு நாள் பார்வை மங்கிவரும் தாய் என்று ஒவ்வொரு வீட்டிலும் காரணம் வேறு. 'இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள் கைபேசியில் தேட ஆரம்பிக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் ஒரு மையம் 'எங்களால் முடியும்' என்கிறது. காணொளியில் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். அடுத்த வாரமே பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்கிறார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பெற்ற பிள்ளைக்காக எதற்கும் துணிவது இயல்பு. அந்தத் துணிவை விலைபேசுகிறவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம். ஆனால் கோபத்தைவிட விவரம்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவும். வெளிநாடு போய் ஸ்டெம் செல் சிகிச்சை பெறுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. சில நோய்களுக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை. வேறு பல நோய்களுக்கு அதே பெயரில் விற்கப்படுவது, பலன் நிரூபிக்கப்படாத ஊசி. இவற்றைப் பிரித்தறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. எந்த செல், எந்த நோய்க்கு, எந்த வழியில், என்ன ஆதாரத்தோடு கொடுக்கப்படுகிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

எந்த செல், என்னவாக மாறும்?

நம் உடலின் பெரும்பாலான செல்களுக்கு ஒரே வேலைதான். இதயத் தசை செல் சுருங்கி விரியும். நரம்பு செல் செய்தி கடத்தும். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும். ஸ்டெம் செல் இன்னும் அப்படி ஒரு வேலையில் அமராத செல். தன்னைப்போலவே இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளும். தேவைப்படும்போது வேறு வகை செல்லாகவும் முதிரும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இறப்பவற்றை ஈடுகட்ட நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. அந்த உற்பத்தியின் ஊற்று அங்கே இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள்தான்.

ஆனால் எல்லா ஸ்டெம் செல்லும் எல்லாமாகவும் மாறிவிடாது. இந்த ஓர் உண்மையை மறைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

உடலின் எந்த செல்லாகவும் மாறும் ஆற்றல் கொண்டவை என்று முக்கியமாக இரண்டு வகைகளைச் சொல்லலாம். ஒன்று, சில நாளே ஆன கருவிலிருந்து எடுக்கப்படுவது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை முதன்முதலில் பிரித்தெடுத்து வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், ஆண்டு 1998. இன்னொன்று, முதிர்ந்த செல்லையே பின்னோக்கித் திருப்பிக் கருநிலைக்குக் கொண்டுபோவது. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-இல் எலியின் செல்களிலும் 2007-இல் மனித செல்களிலும் இதைச் செய்து காட்டினார். 2012-இல் ஜான் கர்டனோடு நோபல் பரிசு பெற்றார். இந்த இரு வகைகளின் வலிமைதான் அவற்றின் ஆபத்தும். எதுவாகவும் மாறக்கூடிய செல்லை அப்படியே உடலில் விட்டால் கட்டியாகவும் வளரக்கூடும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஆய்வகத்திலேயே அவற்றைத் தேவையான செல்லாக மாற்றி, மாறாதவற்றை நீக்கிய பிறகே மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

வளர்ந்த உடலில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்கு இவ்வளவு வீச்சு கிடையாது. மஜ்ஜையின் ரத்த ஸ்டெம் செல் ரத்த செல்களைத் தரும். தோலுடையது தோலைத் தரும். வெளிநாட்டு மையங்கள் பெரும்பாலும் விற்பது மெசன்கைமல் செல் என்ற வகையை. கொழுப்பு, மஜ்ஜை, தொப்புள்கொடித் திசு ஆகியவற்றிலிருந்து இதை எளிதாக எடுக்கலாம். ஆய்வகத்தில் வேகமாகப் பெருக்கலாம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு செல்களாக இதை மாற்றமுடியும். ஆனால் உடலுக்குள் போய் மூளை நரம்பாகவோ விழித்திரையாகவோ மாறி இழந்ததை ஈடுசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை. இந்த செல்களுக்கு 1991-இல் இப்பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, இவை செய்வதெல்லாம் பெரும்பாலும் சுற்றியுள்ள செல்களுக்குச் சில வேதிப்பொருள் வழியே சமிக்ஞை கொடுப்பதுதான், ஸ்டெம் செல் என்ற பெயர் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2017-இல் எழுதினார்.

நிரூபணமான இடம் சிறியது, ஆனால் உறுதியானது

எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் காலங்காலமாகக் கேள்விப்படுவதுதான் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் ஸ்டெம் செல் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் 1957-லேயே நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்தார்கள். கொடையாளர் பொருத்தம், நோய் எதிர்ப்பு, தொற்று என்று ஒவ்வொன்றாகக் கற்றுத் தேற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ரத்தப் புற்றுநோய் வகைகள், தாலசீமியா, சிக்கிள் செல் நோய், மஜ்ஜை வற்றிப்போகும் ஏபிளாஸ்டிக் அனீமியா, பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் எனப் பலருக்கு இது மறுவாழ்வு. தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து முதல் மாற்று 1988-இல் பாரிஸில் நடந்தது.

இது ஏன் பலிக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நோயுற்ற மஜ்ஜையைக் கீமோதெரபி கொடுத்து முதலில் காலி செய்கிறார்கள். பிறகு புதிய ஸ்டெம் செல்களை ரத்தக் குழாய் வழியே சொட்டுச்சொட்டாக ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கின்றன. ஏனெனில் அவற்றின் இயற்கையான இருப்பிடம் அதுதான். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை ஏறத் தொடங்கும். அதுவரை நோயாளி தனியறையில், தொற்று எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும். பின்னரும் மாதக்கணக்கில் கண்காணிப்பு தேவை. உண்மையான ஸ்டெம் செல் மாற்று இவ்வளவு கடினமானது. உயிருக்கு ஆபத்தும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உறவினரில் பொருத்தமான கொடையாளர் இல்லையென்றால் உலகக் கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். அவற்றில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்திருக்கிறார்கள். ஒரு கண்டத்தில் கிடைத்த கொடையாளரின் செல்கள் இன்னொரு கண்டத்து நோயாளிக்குப் போகும்போது, பயிற்சி பெற்ற ஒருவர் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி வைத்த குளிர்பெட்டியைக் கைச்சுமையாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவார். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை எக்ஸ்ரே கருவிக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கடிதம் காட்டுவார். செல்களைச் சுமார் 72 மணி நேரத்துக்குள் செலுத்திவிட முயல்வார்கள். இங்கே பயணம் செய்வது செல்கள். நோயாளி தன் மருத்துவமனைப் படுக்கையிலேயே இருக்கிறார்.

அப்படியானால் நோயாளியே வெளிநாடு போவது எப்போது நியாயம்? தன் நாட்டில் மஜ்ஜை மாற்று மையமே இல்லாதவர்களுக்கும், இருந்தும் அந்தக் குறிப்பிட்ட நோய்க்கு அனுபவமுள்ள குழு இல்லாதவர்களுக்கும் அது நியாயமான, பல சமயம் அவசியமான பயணம். தாலசீமியாவுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் இப்படி அழைத்துப்போய்க் குணப்படுத்தி வருகிறார்கள்.

மஜ்ஜைக்கு வெளியே அங்கீகாரம் பெற்றவை சொற்பம். தீக்காயத்துக்கு வளர்த்தெடுத்த தோல், ரசாயனம் பட்டோ தீயிலோ கருவிழி பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களின் கண்ணோரத்து செல்களை வளர்த்துப் பொருத்தும் முறை (ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் நிபந்தனையுடன் அனுமதித்தது), மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் கடுமையான எதிர்வினைக்கு ஒரு மெசன்கைமல் செல் மருந்து (அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது). இன்னும் சில இருக்கலாம். ஆனால் விளம்பரங்களில் வரும் ஆட்டிசம், பெருமூளை வாதம், தண்டுவடக் காயம், பக்கவாதம், அல்சைமர் எதுவும் இந்த நாடுகளின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை.

விளம்பரத்தில் வரும் சிகிச்சை எப்படி இருக்கும்

மின்னஞ்சலில் வரும் ஒரு வழக்கமான விலைப்பட்டியலைப் பாருங்கள். விமான நிலையத்தில் வரவேற்பு, ஐந்து நாள் ஹோட்டல், ரத்தப் பரிசோதனை, இரண்டு முறை டிரிப்ஸ் வழியே செல்கள், ஒரு முறை முதுகுத்தண்டில் ஊசி, நடுவே ஆக்சிஜன் அறை, வைட்டமின் ஊசி, பிசியோதெரபி. செல்களின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும்: 10 கோடி செல்கள் ஒரு விலை, 30 கோடி செல்கள் இன்னொரு விலை. சில ஆயிரம் டாலரில் தொடங்கிப் பல பத்தாயிரம் டாலர் வரை போகும். முழுத்தொகையும் முன்பணம். அந்தத் தாளில் நோயின் பெயரை மாற்றிவிட்டால் வேறு எதையுமே மாற்றவேண்டியிருக்காது. நீரிழிவுக்கும் அதே செல்தான், மூட்டுத் தேய்மானத்துக்கும் அதேதான், பார்வையிழப்புக்கும் அதேதான். மூன்று நோய்களின் காரணமும் வெவ்வேறு, கெட்டுப்போன செல்களும் வெவ்வேறு. ஒரே ஊசி மூன்றையும் சரிசெய்கிறது என்பவர் மருத்துவம் பேசவில்லை.

டிரிப்ஸ் வழியே செலுத்தும் மெசன்கைமல் செல்கள் போவது எங்கே? அளவில் பெரியவை என்பதால் முதலில் வரும் நுண்குழாய் வலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. அந்த வலை இருப்பது நுரையீரலில். விலங்கு ஆய்வுகளில் பெரும்பகுதி செல்கள் அங்கேயே தங்கி, சில நாள்களில் மறைந்துவிடுவது தெரிந்திருக்கிறது. மூளைக்குப் போய்ச் சேர்ந்து புது நரம்பாக முளைப்பதாகச் சொல்லும் படம் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்தாலும்கூடப் போதாது. நரம்பு என்றால் சரியான இடத்தில், சரியான திசையில் வளர்ந்து, சரியான இணையோடு தொடர்பு கொள்ளவேண்டும். இடிந்த வீட்டு வாசலில் செங்கல்லைக் கொட்டிவிட்டால் வீடு எழுந்துவிடாது.

'உங்கள் சொந்த செல்தானே, தீங்கு எப்படி வரும்?' என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சியெடுத்து, நொதி சேர்த்துப் பிரித்து, கண்ணிலோ முதுகுத்தண்டிலோ செலுத்தினால் அது இனி பழைய கொழுப்பு அல்ல. எடுத்த இடம் வேறு, போகும் இடம் வேறு, நடுவில் ஓர் ஆய்வகம், அதன் தூய்மை, அதன் ரசாயனங்கள். அமெரிக்காவில் இந்த வாதத்தை முன்வைத்த மையங்களின் வழக்கில், இப்படித் தயாரிக்கப்படுவது மருந்துதான், எஃப்.டி.ஏ.வின் விதிக்கு உட்பட்டதுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2021-லும் 2024-லும் தீர்ப்பளித்தன.

'ஆனால் சிலருக்குச் சரியாகியிருக்கிறதே'

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. போய்வந்தவர்களில் பலர் நலம் தெரிவதாக உண்மையாகவே உணர்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை.

பல நோய்கள் ஏறியும் இறங்கியும் வருபவை. மிக மோசமான கட்டத்தில்தான் நாம் சிகிச்சைக்குக் கிளம்புகிறோம். அதன்பின் இயல்பாகவே கொஞ்சம் தணியும். கூடவே கொடுத்த பிசியோதெரபியால் கை கால் சற்று இளகும். பெரும் பணமும் பெரும் நம்பிக்கையும் வைத்த உடல் வலியைக் குறைத்து உணரும். குழந்தை என்றால் இன்னும் குழப்பம்: எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஓராண்டில் அது புதுச் சொற்களைக் கற்கும், புது வேலைகளைச் செய்யும்.

அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராய்கிறார்கள். ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தது; முடிவு 2020-இல் வெளிவந்தது. யாருக்கு உண்மையான செல், யாருக்கு வெறும் திரவம் என்பது பெற்றோருக்கும் மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆய்வு அளக்க முனைந்த முக்கியமான சமூகப் பழகுதிறனில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெறும் திரவம் பெற்ற குழந்தைகளும் முன்னேறியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருவரின் பெற்றோர் வெளிநாட்டு மையத்துக்குப் பணம் கட்டிப் போய்வந்திருந்தால், அந்த முன்னேற்றத்தை ஊசியின் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்திலும் இதே கதை. 400-க்கும் மேற்பட்டோரை வைத்து மூன்று வகை செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2023-இல் வந்தது. ஓராண்டு முடிவில் எந்த செல் ஊசியும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை.

நேர்ந்துவிட்ட தீங்குகள்

'பலிக்காவிட்டாலும் நஷ்டம் பணம் மட்டும்தானே' என்று நினைப்பவர்களுக்காக மருத்துவ இதழ்களில் பதிவான சிலவற்றைச் சொல்கிறேன்.

அபூர்வ மரபணு நோயுள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனை மாஸ்கோவுக்கு அழைத்துப்போய், கருச்சிசுக்களின் நரம்பு செல்களை மூளையிலும் தண்டுவட நீரிலும் செலுத்தினார்கள். முதல் ஊசிக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தெரிந்தன. கட்டியை ஆராய்ந்தபோது அதன் செல்கள் சிறுவனுடையவை அல்ல, கொடையாளர்களுடையவை என்று 2009-இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

பக்கவாதத்திலிருந்து மீள விரும்பிய ஓர் அமெரிக்கர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் முதுகுத்தண்டு வழியே செல்கள் போட்டுக்கொண்டார். அவருடைய தண்டுவடத்தில் வேற்று ஆளின் செல்களாலான திரள் வளர்ந்து, கால்களும் செயலிழந்தன. அந்த அறிக்கை 2016-இல் வெளியானது. தண்டுவடக் காயத்துக்காகப் போர்ச்சுகலில் தன் மூக்குத் திசுவையே வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு ஆண்டு கழித்து முதுகில் வலி கண்டது. திறந்து பார்த்தால், அந்தத் திசு தண்டுவடத்துக்குள்ளே மூக்குத் திசுவாகவே வளர்ந்து சளி போன்ற பொருளைச் சுரந்துகொண்டிருந்தது. அது அவருடைய சொந்த செல்தான். ஜெர்மனியில் வெளிநாட்டு நோயாளிகளை ஈர்த்துவந்த ஒரு பெரிய மையத்தில், மூளையில் ஊசி போடப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தை 2010-இல் இறந்தது. மறு ஆண்டே மையம் மூடப்பட்டது.

தொற்று இன்னும் சாதாரணமாக நேரும். மெக்சிகோவில் 2022, 2023-இல் செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று அமெரிக்கர்களுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற பிடிவாதமான கிருமி தொற்றியதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. அந்தக் கிருமிக்குப் பல மருந்துகளை மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும்.

உடனே தெரியாத நஷ்டமும் உண்டு. வேற்று ஆளின் செல்கள் ஏறிய உடல் அவற்றுக்கு எதிராக எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கிக்கொள்ளக்கூடும். நாளை சிறுநீரகமோ மஜ்ஜையோ மாற்றவேண்டி வந்தால் பொருத்தம் கிடைப்பது கடினமாகும். பல நேர்மையான ஆய்வுகள், முன்னரே எங்கோ செல் சிகிச்சை பெற்றவர்களைச் சேர்ப்பதில்லை. நாளை வரக்கூடிய நல்ல சிகிச்சைக்கான கதவை இன்றைய ஊசி சாத்திவிடுகிறது என்பதுதான் என்னை மிகவும் வாட்டுவது.

ஆய்வு என்று சொன்னால்?

நல்ல சிகிச்சை வரத்தான் போகிறது. முதல் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு, ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் கொடுத்த ஓர் ஆய்வில், 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்ததாக 2025-இல் செய்தி வந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அவர்கள் தொடர்ந்து எடுக்கவேண்டும். ஆனாலும் பெரிய சாதனைதான். பார்க்கின்சன் நோய்க்கும் இதுபோன்ற முதற்கட்ட ஆய்வுகளின் முடிவுகள் அதே ஆண்டில் வெளியாயின. இவற்றில் எந்த செல், எத்தனை, எங்கே என்பது துல்லியமாக வகுக்கப்பட்டிருக்கிறது.

விற்பனை மையங்களும் 'நாங்கள் ஆய்வு செய்கிறோம், மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேட்டில் எங்கள் எண் இருக்கிறது' என்கின்றன. அந்தப் பதிவேட்டில் ஓர் ஆய்வு இடம்பெறுவது அதற்கான அங்கீகாரம் அல்ல. ஆய்வை நடத்துகிறவர்களே விவரங்களைப் பதிவேற்றுகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் கண் குறைபாடுள்ள மூன்று மூதாட்டிகள் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது. அந்த மையத்தின் ஆய்வு பதிவேட்டில் இருந்தது. கண் மருத்துவத்தில் அடிப்படை தெரிந்த யாரும் சோதனைச் சிகிச்சையை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செய்யமாட்டார்கள். முறையான ஆய்வு பொதுவாகச் சோதனைச் சிகிச்சைக்குப் பணம் வாங்காது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்டும். யாரைச் சேர்க்கமுடியாது என்பதற்கும் கறாரான விதி வைத்திருக்கும். விசாரிக்கும் எல்லோரையும் 'நீங்கள் பொருத்தமானவர்' என்று ஏற்றுக்கொள்ளும் இடம் ஆய்வுக்கூடமாக இருக்கமுடியாது.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பான் 2014-இல் கொண்டுவந்த சட்டங்கள் செல் சிகிச்சைகளுக்கு விரைவான பாதையைத் திறந்தன. பலன் முழுமையாக நிரூபணமாகும் முன்பே நிபந்தனையுடன் சந்தைக்கு வரலாம். அப்படி 2015-இல் வந்த இதய நோய்க்கான செல் தகடு ஒன்று 2024-இல் தன் பலனை நிரூபிக்க முடியாமல் போயிற்று. 'அந்த நாட்டில் சட்டபூர்வமானது' என்பதை 'பலிக்கும்' என்று படித்துவிடக் கூடாது.

உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் மட்டும் தனியாகச் சொல்லவேண்டிய நடுநிலம். அதன் சில வகைகளில், கீமோதெரபியால் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவிட்டு நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களைத் திருப்பிச் செலுத்தும் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 110 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் சாதகமான முடிவைக் காட்டியது. இங்கே மருந்தாக வேலை செய்வது கீமோதெரபிதான். உயிராபத்து சிறிதளவேனும் உண்டு. இதற்காக வெளிநாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே நோய்க்கு வேறொரு மையம் கீமோதெரபி ஏதுமில்லாமல் தொப்புள்கொடி செல்லை டிரிப்ஸில் ஏற்றினால், அது பெயரில் மட்டுமே ஒத்த வேறு விஷயம்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேளுங்கள். செல்கள் யாருடையவை, எந்தத் திசுவிலிருந்து எடுத்தவை, கிருமிச் சோதனை செய்த அறிக்கை உண்டா? என் நோய்க்கு இதே செல்லை இதே வழியில் கொடுத்து, ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வு எந்த இதழில் வந்திருக்கிறது? எலிகளில் நடந்ததையோ, பயனடைந்தவர்களின் காணொளிகளையோ அனுப்பினால் அது பதில் அல்ல. எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேளுங்கள். 'யாருக்கும் இல்லை' என்ற பதிலைவிட அபாயமான பதில் கிடையாது. ரத்தம் ஏற்றுவதில்கூட எதிர்வினை உண்டு. ஊசி போடும் மருத்துவர் உங்கள் நோய்க்கான நிபுணரா என்பதையும் பாருங்கள். அழகுக்கலை மருத்துவர் தண்டுவடத்துக்குச் சிகிச்சை தரும் இடங்கள் உண்டு. மருத்துவமனைக்கு சர்வதேசத் தரச்சான்று இருப்பதாகக் காட்டினால், அது கட்டடத்துக்கும் நடைமுறைக்கும் கொடுத்த சான்று. இந்த ஊசிக்குக் கொடுத்தது அல்ல.

ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, மையம் பொறுப்பேற்குமா, எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடமுடியும் என்பவற்றை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பெரும்பாலான காப்பீடுகள் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கோ அதனால் வரும் சிக்கலுக்கோ பணம் தருவதில்லை. 'இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிடைத்த பதில்களை உங்களை வழக்கமாகப் பார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். கோபிப்பார் என்று மறைப்பவர்கள் அதிகம். மறைக்கவேண்டாம். உங்கள் ஸ்கேனும் மருந்துப் பட்டியலும் அவருக்குத்தான் தெரியும். தகுதியான ஆய்வு எங்கே நடக்கிறது என்று தேடித்தரவும் அவரால் முடியும். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் நோயாளிகளுக்கென்றே எளிய கையேடு ஒன்றை இலவசமாக வெளியிட்டிருக்கிறது, அதையும் படிக்கலாம்.

ஏற்கெனவே போய்வந்திருந்தால்

வெட்கப்படவோ குற்றவுணர்வு கொள்ளவோ காரணமில்லை. ஆனால் சில காகிதங்கள் கையில் இருந்தாகவேண்டும்: செலுத்திய செல்லின் வகை, எண்ணிக்கை, தொகுதி எண், தேதி, எந்த இடத்தில் செலுத்தினார்கள், உடன் கொடுத்த மருந்துகள். மையம் தரவில்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் இணையதளத்தை மூடிவிட்டுப் போவதற்குள் கேட்பது நல்லது.

காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் அல்லது சீழ், கழுத்து விறைப்போடு தலைவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; செல் ஊசி போட்டுக்கொண்டதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். சாதாரணக் கிருமிப் பரிசோதனையில் மெதுவாக வளரும் கிருமிகள் தப்பிவிடும். விவரம் தெரிந்தால்தான் அதற்கான தனிச் சோதனைக்கு எழுதுவார்கள். முதுகுத்தண்டிலோ மூளையிலோ ஊசி போட்டிருந்தால், புதிதாக முதுகுவலியோ கால் மரப்போ சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றமோ எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டுமா என்று கேளுங்கள். போர்ச்சுகலில் சிகிச்சை பெற்ற அந்தப் பெண்ணுக்குத் தொல்லை தெரிய எட்டு ஆண்டு ஆனது. அதனால் அந்தக் காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.